மழைக்கு முன்பே ரோட்டைப் படிக்கும் லேசர் வண்டி: நம் சாலைப் பராமரிப்புக்கு உதவுமா?

சாலைத்தடம் | ஜூன் 13, இரவு 9:40

வணக்கம். ரோடு சர்வே வண்டிகள் கொண்டுவரும் தரவைப் பிரித்துப் பார்ப்பது என் வேலை. ஆறு வருடமாக இதில்தான் இருக்கிறேன். நாலுவழிச் சாலையில் பின்பக்கம் இரும்புச் சட்டத்தில் இரண்டு பெட்டிகள் தொங்க, கூரையில் கேமராவோடு ஒரு வேன் சீரான வேகத்தில் போவதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். அதுதான் நெட்வொர்க் சர்வே வெகிக்கிள், சுருக்கமாக என்எஸ்வி.

அந்த இரண்டு பெட்டிகளும் ரோட்டின் குறுக்கே லேசர் கோடு போடும். இரண்டும் சேர்ந்து சுமார் 4 மீட்டர், அதாவது ஒரு லேனின் முழு அகலம். அந்தக் கோட்டைச் சாய்வாக ஒரு கேமரா பார்த்துக்கொண்டே வரும். ரோடு சமமாக இருந்தால் கோடு நேராக இருக்கும். பள்ளமோ விரிசலோ வந்தால் அந்த இடத்தில் கோடு வளையும். எவ்வளவு வளைகிறது என்பதை வைத்து ஆழத்தைக் கணக்கிடுகிறது. குறுக்கே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி, ஆழத்தில் அரை மில்லிமீட்டர் வரை துல்லியம். இதையெல்லாம் மணிக்கு 100 கி.மீ. வேகத்திலும் செய்யும், போக்குவரத்தை நிறுத்த வேண்டியதில்லை. வெறும் போட்டோவில் மரநிழலும் ஆயில் கறையும்கூட விரிசல் மாதிரி தெரியும். லேசர் ஆழத்தை அளப்பதால் அந்தக் குழப்பம் பெருமளவு இல்லை.

இப்போது இதை எழுதக் காரணம் இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 2025 அக்டோபரில் 23 மாநிலங்களில் 20,933 கி.மீ. சாலையை இப்படி அளக்கப்போவதாக அறிவித்தது. வேலை தொடங்கும் முன் ஒரு முறை, அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. தரவு எல்லாம் ஆணையத்தின் டேட்டா லேக் தளத்துக்குப் போகும்.

இந்த வண்டி குழி கண்டுபிடிக்க வருகிறது என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். குழி எங்கே இருக்கிறது என்று சொல்ல லேசர் எதற்கு? அந்த வழியே தினமும் பைக்கில் போகிறவரைக் கேட்டால் போதும். இந்த வண்டியின் உண்மையான பயன், பார்க்க நன்றாக இருக்கும் ரோட்டில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் விரிசல் எங்கே ஓடுகிறது என்பதை ஐப்பசி மழைக்கு முன்பே காட்டுவது. அந்த விரிசலைத் தார் ஊற்றி அடைத்தால் தண்ணீர் கீழே இறங்காது. விட்டுவிட்டால் மழைத் தண்ணீர் அடியில் இருக்கும் ஜல்லிப் படுகையை ஊறவைக்கும். மேலே லாரி போகப் போக உள்ளே இருக்கும் மண் சேறாகப் பிதுங்கி வரும். கார்த்திகையில் அங்கே குழி விழும். விரிசலை அடைக்கும் செலவும் ரோட்டைப் பெயர்த்துப் போடும் செலவும் பக்கத்தில் வைத்துப் பார்க்கக்கூடியவை அல்ல.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள், முக்கியமாகக் களத்தில் வேலை பார்த்தவர்கள்.

பாலாற்றங்கரை | ஜூன் 13, இரவு 10:25

எனக்கு இரண்டு லாரி ஓடுகிறது, வேலூர் – சென்னை. நீங்கள் சொல்வது புரிகிறது சார். ஆனால் ஒன்று கேட்கிறேன். குண்டும் குழியுமாகக் கிடக்கும் ரோட்டை விட்டுவிட்டு நன்றாக இருக்கும் ரோட்டில் தார் ஊற்றினால் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? எங்கள் ஊரிலேயே முதல் கேள்வி அதுதான் வரும்.

இன்னொன்று. அளந்தார்கள் சரி, அளந்த பிறகு வேலை நடந்ததா? நான் பார்த்த ஒரு இடத்தில் இந்த மாதிரி வண்டி போனது. அடுத்த மழைக்கும் அதே இடத்தில் டயர் வெடித்தது. லீஃப் ஸ்பிரிங் பட்டை மாற்றியதுதான் மிச்சம். குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. வண்டி போவதற்கும் தார் விழுவதற்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

ஓய்வுபெற்ற_ஏஈ | ஜூன் 14, காலை 6:10

பாலாற்றங்கரை கேட்டது சரியான கேள்வி. முப்பது வருடம் நெடுஞ்சாலை வேலையில் இருந்தவன் என்பதால் பழைய முறையைச் சொல்கிறேன்.

எங்கள் காலத்தில் சாலை ஆய்வாளர் நடந்து பார்ப்பார், நாங்கள் ஜீப்பில் போய்ப் பார்ப்போம். எந்த ரோடு எந்த வருடம் போடப்பட்டது, எவ்வளவு வண்டி போகிறது என்று கணக்குப் பார்த்துப் புதுப்பிக்கும் பட்டியல் தயாராகும். பெரிய வேலைகளுக்குத்தான் கருவி வரும். பெங்கெல்மேன் பீம் என்று ஒரு நீளமான கை. பாரம் ஏற்றிய லாரியின் பின் இரட்டைச் சக்கரத்துக்கு நடுவில் அதன் முனையை வைத்து, லாரி நகரும்போது ரோடு எவ்வளவு மீள்கிறது என்று டயலில் படிக்க வேண்டும். ஒரு கிலோமீட்டர் முடிக்க வெயிலில் பாதி நாள் போய்விடும். மேடுபள்ளம் பார்க்க பம்ப் இன்டகிரேட்டர். ஒற்றைச் சக்கர வண்டியை ஜீப்புக்குப் பின்னால் கட்டி 32 கி.மீ. வேகத்தில் இழுத்து, சக்கரம் குதித்த அளவையெல்லாம் கூட்டிப் பார்ப்போம். கிலோமீட்டருக்கு 2000 மில்லிமீட்டருக்குள் வந்தால் நல்ல தார் ரோடு, 3000 தாண்டினால் மோசம்.

கண்ணால் பார்ப்பதில் ஒரு குறை உண்டு. ஒரே கிலோமீட்டரை இரண்டு பொறியாளர் பார்த்தால் இரண்டு மதிப்பெண் வரும். காலை வெயில் சாய்வாக விழும்போது விரிசல் பளிச்சென்று தெரியும், உச்சி வெயிலில் அதே விரிசல் தெரியாது. இப்படி விட்டுப்போனவை நிறைய.

ஒரு அனுபவம் சொல்கிறேன். முதலைத்தோல் மாதிரி கட்டம் கட்டமாக வெடித்த ஒரு ரோட்டின் மேல் 40 மி.மீ. தார்க்கலவை போட்டோம். போட்ட அன்று கண்ணாடி மாதிரி இருந்தது. இரண்டு மழைக்காலம் முடிவதற்குள் அதே கட்டங்கள் அதே இடத்தில் மேலே வந்துவிட்டன. கீழ்ப்படுகை போயிருந்தது, நாங்கள் மேலே போர்வை போர்த்தியிருக்கிறோம். அன்று இந்த ஸ்கேன் கையில் இருந்திருந்தால் எந்த நீளத்துக்கு வெட்டி எடுக்க வேண்டும், எந்த நீளத்துக்கு மேல்பூச்சு போதும் என்று பிரித்திருக்கலாம். அது இன்றும் மனதில் இருக்கிறது.

சாலைத்தடம் | ஜூன் 14, காலை 8:05

ஐயா, நன்றி. நீங்கள் சொன்ன 2000ஐ இப்போது உலகம் முழுக்கப் பயன்படுத்தும் ஐஆர்ஐ என்ற குறியீட்டுக்கு மாற்றினால் கிலோமீட்டருக்குச் சுமார் 2.8 மீட்டர் வரும், 3000க்கு 4 மீட்டர். 1982ல் பிரேசிலில் உலக வங்கி நடத்திய பெரிய சோதனையில் பிறந்த குறியீடு அது. ஒரு காரின் கால்பகுதி, அதாவது ஒரு சக்கரமும் அதன் ஸ்பிரிங்கும், 80 கி.மீ. வேகத்தில் அந்த ரோட்டில் போனால் எவ்வளவு குலுங்கும் என்று கணினி போடும் கணக்கு. அளந்த கருவி எதுவானாலும் எண் ஒன்றாக வர வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம்.

ஆனால் ஐஆர்ஐ மட்டும் போதாது. ஐயா சொன்ன முதலைத்தோல் விரிசல் உள்ள ரோடு ஆரம்பத்தில் சமமாகவே இருக்கும், வண்டி குலுங்காது, எண் நன்றாக வரும். விரிசலைத் தனியாகப் பார்த்தால்தான் நோய் தெரியும். சக்கரத் தடத்தில் மட்டும் கட்டம் கட்டமாக வெடித்திருந்தால் பாரத்தால் கீழிருந்து வந்த களைப்பு. லேன் முழுக்க சம இடைவெளியில் குறுக்காக ஓடினால் பெரும்பாலும் வெயில், சுருக்கம், பழைய மூட்டு.

சக்கரத் தடப்பள்ளம் இன்னும் சுவாரசியம். லாரிகள் ஒரே தடத்தில் போய்ப் போய் இரண்டு வாய்க்கால் மாதிரி விழுமே, அது. முன்பு 3 மீட்டர் நேர்ச்சட்டத்தைக் குறுக்கே வைத்து, அடியில் ஆப்பு நுழைத்து அளப்பார்கள். ஒரு எண் கிடைக்கும், 12 மி.மீ. என்று. லேசரில் முழு குறுக்கு வடிவமும் கிடைக்கிறது. அந்த வடிவம்தான் பேசும். பள்ளம் குறுகலாக, இரண்டு பக்கமும் கரை மாதிரி உப்பி இருந்தால் மேலே போட்ட தார்க்கலவையே வழிந்து நகர்ந்திருக்கிறது. தார் அதிகமோ, ஜல்லி அளவு சரியில்லையோ, வெயிலுக்கு ஏற்ற தார் இல்லையோ. சிக்னலிலும் பஸ் நிறுத்தத்திலும் இதை நிறையப் பார்க்கலாம். பள்ளம் அகலமாக, கரை உப்பாமல் தட்டு மாதிரி இறங்கியிருந்தால் கீழே இருக்கும் மண்ணோ படுகையோ உட்கார்ந்துவிட்டது. இரண்டும் 12 மி.மீ.தான். ஆனால் முதல் வகைக்கு மேல் அடுக்கைச் சுரண்டி எடுத்து நல்ல கலவை போட்டால் தீர்ந்தது. இரண்டாவதற்கு அப்படிச் செய்தால் பணம் வீண், அடியிலிருந்து சரிசெய்ய வேண்டும். ஒரே எண்ணை வைத்து டெண்டர் போட்டால் பாதி இடத்தில் தப்பான மருந்து போகும். அந்த வடிவப் படங்களை முதன்முதலில் திரையில் பார்த்த நாளில் எனக்கு இந்த வேலை பிடித்துப்போனது.

பாலாற்றங்கரை கேட்ட முதல் கேள்விக்கு: மோசமான ரோட்டை முதலில் எடுப்பது நியாயமாகத் தோன்றும். ஆனால் பணம் முழுவதும் அங்கே போனால், இன்று நன்றாக இருக்கும் ரோடுகள் கவனிப்பில்லாமல் வரிசையாக மோசமாகும். அடுத்த வருடம் பட்டியல் இன்னும் நீளும். ஒரு பகுதிப் பணத்தை நல்ல ரோட்டை நல்லபடியே வைத்திருக்க ஒதுக்கினால்தான் பட்டியல் குறையும்.

மணிமேகலை_சிவில் | ஜூன் 14, காலை 11:30

சார், நான் எம்.இ. போக்குவரத்துப் பொறியியல் இரண்டாம் வருடம். லேசர் வண்டி விலை அதிகம். ஊராட்சி ரோட்டுக்கும் நகரத்து உள்தெருவுக்கும் அது வருமா என்று சந்தேகம். செல்போன் கேமராவை வைத்தே செய்ய முடியும் என்று ஒரு பக்கம் ஆராய்ச்சி நடக்கிறது. டோக்கியோ பல்கலைக்கழகக் குழு தொடங்கிய தரவுத்தொகுப்பு ஒன்று பொதுவில் இருக்கிறது. 2022 பதிப்பில் ஜப்பான், இந்தியா உட்பட ஆறு நாடுகளின் 47,420 ரோட்டுப் படங்கள். அதில் பயிற்சி கொடுத்த ஏஐ மாடலை எங்கள் ஊர் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். குழியை நன்றாகப் பிடித்தது. மெல்லிய விரிசலில் தடுமாறியது. மாட்டுச்சாணம், நெல் காயப்போட்ட இடம், டிராக்டர் சக்கர மண் எல்லாவற்றையும் சேதம் என்று காட்டியது. ஆழம் தெரியாததுதான் காரணம் என்று இப்போது உங்கள் பதிவைப் படித்ததும் புரிகிறது.

இன்னொன்றும் கவலையாக இருக்கிறது. பாஸ்டன் நகரத்தில் 2012 வாக்கில் ஸ்ட்ரீட் பம்ப் என்று ஒரு செயலி விட்டார்கள். போனை காரில் வைத்தால் குலுங்கும் இடத்தை அதுவே பதிவு செய்யும். ஸ்மார்ட்போனும் காரும் அதிகம் இருக்கும் வசதியான பகுதிகளிலிருந்துதான் தகவல் கூடுதலாக வரும், ஏழைகள் வாழும் பகுதியின் குழி பட்டியலிலேயே வராது என்று உடனே கேள்வி எழுந்தது. இங்கேயும் புகார் வந்த ரோடுதான் ரோடு என்று ஆகிவிடக் கூடாது. அந்த விதத்தில் எல்லா ரோட்டையும் ஒரே மாதிரி அளக்கும் வண்டி நியாயமானது என்று எனக்குப் படுகிறது.

லெஸ்டர்_தமிழன் | ஜூன் 14, மாலை 4:50

இங்கே இங்கிலாந்தில் நடப்பதைச் சொல்கிறேன். உள்ளாட்சி ரோடுகளை ஸ்கேனர் என்ற பெயரிலேயே ஒரு சர்வே அளந்துவந்தது. மோட்டார்வேக்களுக்கு ட்ராக்ஸ் என்று தனி சர்வே. தடப்பள்ளம், விரிசல், சமமின்மை, மேற்பரப்பின் சொரசொரப்பு எல்லாவற்றையும் சேர்த்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பார்கள். எத்தனை சதவீத ரோடு சிவப்பு என்று ஒவ்வொரு கவுன்சிலும் அரசுக்குச் சொல்ல வேண்டும், அந்தக் கணக்கு பொதுவில் வரும். 2024ல் பாஸ் 2161 என்று புதிய தர ஆவணம் வந்தது. ஐந்து நிலையாகப் பிரிக்க வேண்டும். லேசரோ கேமராவோ, எந்தக் கருவி வைத்திருந்தாலும் அந்தத் தரத்துக்குள் வர வேண்டும் என்பது அதன் சாரம்.

இவ்வளவு இருந்தும் இங்கே குழி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். குளிர்காலத்தில் விரிசலுக்குள் தண்ணீர் உறைந்து விரிந்து ரோட்டைப் பிளக்கும். பணம் போதவில்லை என்று கவுன்சில்கள் வருடாவருடம் சொல்கின்றன. ஆனால் எது எவ்வளவு மோசம் என்பதில் சண்டை குறைவு, எண் முன்னால் இருக்கிறது.

இன்னொரு விஷயம், வழுக்கலை லேசர் நேரடியாகச் சொல்லாது. அதற்கு ஸ்கிரிம் என்று தனி லாரி. ரோட்டில் தண்ணீர் தெளித்துக்கொண்டே 20 டிகிரி திருப்பிய சக்கரத்தை இழுத்துக்கொண்டு போய், பக்கவாட்டுப் பிடிப்பை அளக்கும். வளைவிலும் ஜங்ஷனிலும் உயிர் காப்பது அதுதான்.

மேற்குமாம்பலம் | ஜூன் 14, இரவு 8:15

எனக்குப் பொறியியல் தெரியாது. ஆனால் ரோடு உயர்ந்து உயர்ந்து வீடு பள்ளமான கதை தெரியும். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் வாசலிலிருந்து தெருவுக்கு மூன்று படி இறங்குவோம். இப்போது தெருவிலிருந்து வீட்டுக்குள் ஒரு படி இறங்குகிறோம். 2015 மழையில் ஹாலில் முழங்கால் தண்ணீர். அம்மாவைக் கட்டிலோடு தூக்கி மேசைமேல் வைத்தோம். ஒவ்வொரு முறையும் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டதன் விளைவு அது.

2021ல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு அவர்கள், பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும், மட்டம் உயரக் கூடாது என்று உத்தரவு போட்டார். அன்று எங்கள் தெருவில் அவ்வளவு சந்தோஷம். ஆனால் எத்தனை சென்டிமீட்டர் சுரண்டினார்கள், எத்தனை போட்டார்கள் என்று நாங்கள் எப்படித் தெரிந்துகொள்வது? இந்த லேசர் அதைச் சொல்லுமா?

சாலைத்தடம் | ஜூன் 14, இரவு 9:30

அக்கா, உங்கள் கேள்விதான் இந்த இழையிலேயே எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. சொல்லும். ஆனால் இதற்கு என்எஸ்வியைவிட, தெரு முழுவதையும் வீட்டு வாசலோடு சேர்த்துப் புள்ளிப் புள்ளியாகப் படம் பிடிக்கும் லைடார் வண்டி பொருத்தம். சுரண்டும் முன் ஒரு முறை, சுரண்டிய பின் ஒரு முறை, போட்ட பின் ஒரு முறை எடுத்து, நகராத ஒரு புள்ளியை, உதாரணமாகப் பழைய கட்டிடத்தின் படியை, மூன்றிலும் பொருத்திப் பார்த்தால் மட்டம் எவ்வளவு மாறியது என்று தெருவின் ஒவ்வொரு மீட்டருக்கும் தெரியும். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்றும் தெரியும். தார் ரோட்டுக்கு நடுவிலிருந்து ஓரத்துக்கு 2 முதல் 2.5 சதவீதம் சரிவு வேண்டும். ஏழு மீட்டர் ரோட்டில் நடுவும் ஓரமும் ஏழெட்டு சென்டிமீட்டர் வித்தியாசம். சுரண்டாமல் போட்டுக்கொண்டே போனால் இந்தச் சரிவும் கெட்டு, தண்ணீர் வடிகாலுக்குப் போகாமல் வாசலுக்கு வரும்.

நகரத்துக்குள் ஸ்கேன் செய்வதில் உள்ள கஷ்டங்களையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஐஆர்ஐ அளக்கும் முறைக்கு வண்டி ஒரு குறைந்தபட்ச வேகத்தில் போக வேண்டும், சுமார் 25 கி.மீ. தி.நகரில் மாலை ஆறு மணிக்கு அது நடக்காது. நின்று நின்று போனால் எண் தப்பாக வரும். அதனால் விடியற்காலையில் எடுக்க வேண்டும். ஈர ரோட்டில் எடுக்கக் கூடாது, விரிசலுக்குள் தண்ணீர் நின்றால் லேசருக்கு அது தெரியாது. மேம்பாலத்துக்கு அடியில் ஜிபிஎஸ் தடுமாறும். இடம் இரண்டு மூன்று மீட்டர் தள்ளிப்போனால்கூட, போன வருட விரிசலையும் இந்த வருட விரிசலையும் ஒப்பிட முடியாது. ஒப்பிட முடியாத ஸ்கேன் ஒரு நாளைய போட்டோ மாதிரிதான். வளர்ச்சியைப் பார்ப்பதில்தான் பாதிப் பயன் இருக்கிறது.

அப்புறம், மேற்பரப்பை மட்டும்தான் இது பார்க்கும். அடியில் குடிநீர்க் குழாய் கசிந்து மண் கரைந்து வெற்றிடம் ஆகியிருந்தால், மேலே சமமாக இருக்கும்வரை லேசருக்கு ஒன்றும் தெரியாது. அதற்குத் தரைக்குள் பார்க்கும் ரேடார் வேண்டும். ரோட்டின் வலிமையைப் பார்க்க, எடையை விழவிட்டு ரோடு எவ்வளவு அமுங்குகிறது என்று அளக்கும் எஃப்டபிள்யூடி (ஃபாலிங் வெயிட் டிஃப்ளெக்டோமீட்டர்) என்ற கருவி வேண்டும். அதற்கு 2014லேயே இந்தியச் சாலைக் காங்கிரஸ் வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. ஸ்கேன் எங்கே சந்தேகம் என்று காட்டும். அங்கே மட்டும் இந்தக் கருவிகளைக் கொண்டுபோனால் செலவு அடங்கும்.

ஓய்வுபெற்ற_ஏஈ | ஜூன் 15, காலை 6:30

தம்பி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ரோடு போட்டு மூன்று மாதத்தில் குழாய்க்கும் கேபிளுக்கும் வெட்டிவிடுவார்கள். வெட்டிய இடத்தை மண் போட்டு மூடி, மேலே ஒட்டு போட்டுவிட்டுப் போவார்கள். அந்த ஒட்டு ஆறு மாதத்தில் உட்காரும். வெட்டுவதற்கு முன் ஒரு ஸ்கேன், மூடி ஆறு மாதம் கழித்து ஒரு ஸ்கேன் என்று அனுமதி ஆணையிலேயே எழுதிவிட்டால், உட்கார்ந்த அளவுக்கு யார் பொறுப்பு என்று வாதமே வேண்டாம். ஒப்பந்தக்காரரின் பொறுப்புக் காலம் முடிவதற்கு ஒரு மாதம் முன்பும் இப்படி ஒரு அளவு எடுக்க வேண்டும். நல்ல வேலை செய்தவருக்கு அது பாதுகாப்பு. நான் பார்த்தவர்களில் நேர்மையான ஒப்பந்தக்காரர்கள் அளப்பதற்குப் பயந்ததில்லை.

பாலாற்றங்கரை | ஜூன் 15, காலை 9:00

இதைக் கேட்டதும் என் கேள்விக்குப் பதில் கிடைத்த மாதிரி இருக்கிறது. வண்டி போவதற்கும் தார் விழுவதற்கும் நடுவில் யாரோ ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்து இங்கே இது, அங்கே அது என்று எழுத வேண்டும். அந்த எழுத்து எங்கள் கண்ணுக்கும் தெரிய வேண்டும். நம்ம சாலை செயலியில் குழியைப் போட்டோ எடுத்து அனுப்புகிறோம் இல்லையா, அதே மாதிரி எந்த கிலோமீட்டர் என்ன நிறத்தில் இருக்கிறது, எப்போது வேலை என்று ஒரு வரைபடம் போட்டால் போதும். நாங்கள் டோல் கட்டுகிறோம், ரோட்டு வரி கட்டுகிறோம். எங்கள் டிரைவர்கள் இரவில் அந்த ரோட்டை நம்பித்தான் போகிறார்கள்.

மணிமேகலை_சிவில் | ஜூன் 15, மதியம் 1:10

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பார்க்கலாமா? ஒரு குறிப்பிட்ட நீளத்துக்கு, கடைசியாக எடுத்த ஐஆர்ஐ, விரிசல் சதவீதம், தடப்பள்ளம், அதை வைத்து எடுத்த முடிவு, இவ்வளவுதான். மனு நான் எழுதுகிறேன். ஐயா ஒரு முறை படித்துத் திருத்திக் கொடுத்தால் நன்றாக இருக்கும்.

ஓய்வுபெற்ற_ஏஈ | ஜூன் 15, மதியம் 2:45

அனுப்பம்மா. சங்கிலி தூரம், அதாவது எந்த கி.மீ. கல்லிலிருந்து எந்தக் கல் வரை என்பதைக் கட்டாயம் எழுது. ‘அந்த ரோடு’ என்று பொதுவாக எழுதினால் பதிலும் பொதுவாகத்தான் வரும்.

சாலைத்தடம் | ஜூன் 15, இரவு 9:15

பதில் வர முப்பது நாள் ஆகும். அதற்குள் நம் கையில் ஒரு அளவு இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். மேற்கு மாம்பலம் அக்காவின் தெருவில் முதலில் செய்வோம். 3 மீட்டர் அலுமினியச் சட்டம் ஒன்று, ரசமட்டம், ஸ்டீல் ஸ்கேல், சாக்பீஸ் போதும். பத்து மீட்டருக்கு ஒரு இடம் குறித்து, தடப்பள்ளமும் வாசல் மட்டமும் எடுப்போம். ஞாயிறு காலை ஐந்தரைக்கு வந்தால் வண்டி நடமாட்டத்துக்கு முன் முடித்துவிடலாம். சட்டம் நான் கொண்டுவருகிறேன்.

மேற்குமாம்பலம் | ஜூன் 15, இரவு 9:40

வாருங்கள். தெருமுனையில் கோலம் போடும் நேரம்தான் அது, எல்லோரும் விழித்திருப்பார்கள். எதிர்வீட்டுத் தாத்தாவிடம் 1988ல் எடுத்த வாசல் போட்டோ இருக்கிறது. மூன்று படியும் அதில் தெளிவாகத் தெரியும். எடுத்து வைக்கச் சொல்கிறேன்.